காவல் நிலையம் முதல் ஸ்கேன் அறை வரை: கொங்கு நாட்டில் கருக்கலைப்புச் சட்டம்

கருவைக் கலைப்பது குற்றம் என்று ஆங்கிலேய அரசு இந்தியாவில் சட்டம் எழுதி 160 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்தபோதும் அந்தக் குற்றம் நீக்கப்படவில்லை. அதற்கான விலக்குகள்தாம் காலந்தோறும் கூடிவந்திருக்கின்றன. சட்டப் புத்தகத்தில் உள்ளதும் ஊரில் நடப்பதும் எந்த விஷயத்திலும் முழுதாக ஒத்துப்போவதில்லை என்றாலும், கருக்கலைப்பில் அந்த இடைவெளி மிக அகலமானது. ஏனெனில் செயலும் சாட்சியும் பெண்ணின் உடம்புக்குள்ளேயே அடங்கிவிடுவதால், வெளியே ஏதாவது தடயம் தங்கினால் ஒழிய சர்க்காருக்குச் செய்தி எட்ட வழியில்லை. ஆகவே எந்தக் காலத்தில் எந்தத் தடயத்தை அரசு துரத்தியது என்று பார்ப்பதே இச்சட்டத்தின் வரலாற்றைப் படிக்கப் பொருத்தமான முறையாகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது பிணத்தைத் தேடியது; 1972 முதல் மருத்துவமனையின் அனுமதிச் சான்றிதழைக் கேட்டது; 1990களுக்குப் பிறகு ஸ்கேன் கருவியையும் அதற்குப் பக்கத்து மேசையில் இருக்கும் படிவக் கட்டையும் சோதித்துவருகிறது.

இந்த மூன்று தேடல்களும் கொங்கு நாட்டில் தெளிவாகத் தெரிகின்றன. கோயம்புத்தூருக்குக் கிழக்கே சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில், சூலூர் வட்டத்தில் அமைந்த கருமத்தம்பட்டியைச் சுற்றியுள்ள ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும் போதும்: கிணற்றுப் பாசனத்தை நம்பிய தோட்டங்கள், அத்தோட்டங்களைப் பங்கு போட மனம் வராத குடியானவர் குடும்பங்கள், சோமனூர் வட்டாரத்து விசைத்தறிக் கூடங்கள், நூற்பாலைகளை ஒட்டிய பெண்கள் விடுதிகள், பதினேழாம் நூற்றாண்டின் மதுரை மிஷன் காலத்தில் வேர்கொண்ட கத்தோலிக்கத் திருத்தலம், பஸ் ஏறினால் எட்டிவிடக்கூடிய தூரத்தில் கோவை நகரத்துத் தனியார் மருத்துவமனைகள். மகப்பேறு தொடர்பான ஒவ்வொரு சட்டமும் இவற்றுள் ஏதேனும் ஒன்றின் மேல் வந்து மோதியிருக்கிறது.

1860இல் இயற்றப்பட்டு 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312 முதல் 316 வரையிலான பிரிவுகள் கருச்சிதைவு விளைவித்தல், பிறவாத குழந்தைக்குத் தீங்கு செய்தல் பற்றியவையாக இருந்தன. தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்தாலன்றி, கருவைக் கலைப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறை. வயிற்றில் குழந்தையின் அசைவைத் தாய் உணரத் தொடங்கிய பின் கலைத்தால் 7 ஆண்டு வரை சிறை. பெண்ணின் சம்மதமில்லாமல் செய்தால் ஆயுள் தண்டனை வரை போகலாம். கலைக்கப்போய் அவள் இறந்துவிட்டால் 10 ஆண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் இக்குற்றத்துக்குள் அடங்குவாள் என்று 312ஆம் பிரிவின் விளக்கவுரை வெளிப்படையாகவே சொல்லிற்று. இவற்றோடு 318ஆம் பிரிவும் சேர்ந்தது: குழந்தை பிறந்ததை மறைப்பதற்காக அதன் சடலத்தை இரகசியமாகப் புதைத்தாலோ எறிந்தாலோ 2 ஆண்டு வரை சிறை.

தண்டனை இவ்வளவு கடுமையாக இருந்தும், இதை எழுதியவர்களுக்கே இதன்மேல் பயம் இருந்தது. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1837இல் அளித்த வரைவோடு சேர்த்து எழுதிய குறிப்புரையில், கருக்கலைப்புக் குற்றச்சாட்டு நிரூபிக்கப்படாமல் போனாலும் குடும்பத்தின் மானத்தில் கறை விட்டுச்செல்லும் என்றும், அயோக்கியர் கையில் அது மிரட்டிப் பணம் பறிக்கும் கருவியாகும் என்றும், நிரபராதிகளுக்கு இழைக்கப்படும் அநீதியைக் குறைப்பதில் கவனம் வேண்டும் என்றும் ஆணையத்தினர் கவலைப்பட்டிருக்கின்றனர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 312ஆம் பிரிவு, பிடியாணை இல்லாமல் போலீசார் கைது செய்ய இயலாத, ஜாமீனில் விடத்தக்க குற்றங்களின் வரிசையில் நிறுத்தப்பட்டது. அதாவது மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் காவல் நிலையம் விசாரணையையே தொடங்க முடியாது. ஒரு கையால் குற்றமென்று எழுதி, மறு கையால் போலீசைத் தள்ளி நிறுத்திய ஏற்பாடு இது. இதன் பலன் ஒருவகையில் நன்மையே. ஆனால் சட்டம் எவரைத் தொடும், எவரைத் தொடாது என்பதையும் இதுவே தீர்மானித்துவிட்டது. கலைத்த பெண் பிழைத்துக்கொண்டால் வழக்கில்லை. அவள் இறந்தாலோ, கிணற்றிலும் புதரிலும் சிசுவின் உடல் கிடைத்தாலோதான் வழக்கு.

அப்படி ஒரு சடலம் கிடைத்தால் சர்க்காருக்குத் தகவல் சொல்ல வேண்டியவர் கிராம முன்சீப்; கொங்கு நாட்டு வழக்கில் மணியக்காரர். அவர் பெரும்பாலும் அந்த ஊரின் நிலவுடைமைச் சாதியைச் சேர்ந்தவர், பல வேளைகளில் சம்பந்தப்பட்ட குடும்பத்துக்கே உறவுக்காரர். கொங்கு வேளாளர் உள்ளிட்ட உழவுச் சாதிகளில் அப்போது கைம்பெண் மறுமணத்துக்கு இடமிருக்கவில்லை. இளவயதில் தாலியிழந்தவளும் வெள்ளைச் சேலை உடுத்தி அண்ணன் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ காலம் தள்ள வேண்டியிருந்தது. அறுத்துக் கட்டும் உரிமை, அதாவது தாலியைக் கழற்றிவிட்டு வேறொருவரை மணந்துகொள்ளும் உரிமை, இருந்த சாதிகளின் பெண்களுக்கு இந்த நெருக்கடி அந்த அளவுக்கு இல்லை. கைம்பெண் ஒருத்தி முழுகாமல் இருக்கிறாள் என்ற செய்தி கசிந்தால் ஊர்ப் பஞ்சாயத்து, சாதி விலக்கு, வீட்டு ஆண்களின் கோபம் ஆகிய மூன்றும் போலீசுக்கு முன்பே வந்து நிற்கும். 1881இல் சூரத்தைச் சேர்ந்த விஜயலட்சுமி என்ற பிராமணக் கைம்பெண், பிறந்த சிசுவைக் கொன்றதாகத் தூக்குத் தண்டனை பெற்று, பின்னர் அது குறைக்கப்பட்ட வழக்கு பம்பாய் மாகாணத்தையே உலுக்கியது. தாராபாய் ஷிண்டே மராத்தியில் ஒரு கண்டன நூலை எழுதவும் அவ்வழக்கே தூண்டுகோலாகியது. அதற்கும் முன்னரே, 1863இல், ஜோதிராவ் புலே தம்பதியர் புணேயில் கைம்பெண்கள் மறைவாக வந்து குழந்தை பெற்றுச் செல்ல ஓர் இல்லம் நடத்தினர்.

கலைக்கும் தொழில் யார் கையில் இருந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. கொங்கு ஊர்களில் பிரசவம் பார்த்தவர் நாவிதர் குடும்பத்தைச் சேர்ந்த மருத்துவச்சி; பேறுகாலத்துக்கு அவருக்கு நெல்லும் சேலையும் தருவது ஊர் முறை. அவரையே கலைப்பதற்கும் அணுகினர். எருக்கு, அரளி, கொடிவேலி போன்ற வேலியோரத்து நச்சுச் செடிகளும், அவற்றின் பாலில் தோய்த்த குச்சியும் இத்தொழிலின் கருவிகள் என்று இந்திய மருத்துவச் சட்டநூல்கள் நெடுகப் பதிவு செய்துள்ளன. உட்காயமும் சீழும் ஜன்னியும் வந்து பெண்கள் மாண்டனர். மரணம் நேர்ந்து புகார் ஆனால், இறந்தவளின் உள்ளுறுப்புகள் முத்திரையிட்ட ஜாடியில் சென்னைக்குப் போயின. அங்கே 1849இலேயே தொடங்கப்பட்டிருந்த ரசாயனப் பரிசோதகர் அலுவலகம், நஞ்சு எதுவென்று கண்டு அறிக்கை தருவதற்கென்றே இருந்த அமைப்பு. இன்றைய தமிழ்நாடு தடய அறிவியல் துறை அதன் வழித்தோன்றல்தான். 1862இல் சென்னை–பேப்பூர் ரயில் பாதை போத்தனூர் வழியாக முடிந்த பிறகு கோயம்புத்தூர் ஜில்லாவுக்கும் அந்தப் பரிசோதனை மேசைக்கும் இடையிலான தூரம் சில வாரங்களிலிருந்து சில நாட்களாகச் சுருங்கியது. குற்றவாளிக் கூண்டில் ஏறியவர் என்னவோ மருத்துவச்சியும் கைம்பெண்ணும்தாம். கருவுக்குக் காரணமான ஆணை 312ஆம் பிரிவு பெயர் சொல்லிக் கேட்கவே இல்லை. 1926இல் சென்னை மாகாணச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம் வந்து பயிற்சி பெற்றவர்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது, பழைய மருத்துவச்சி சட்டத்தின் பார்வையில் இன்னும் ஒரு படி கீழே இறங்கினார்.

பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1870இல் தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. வீடு வீடாகக் குழந்தைகளைக் கணக்கெடுக்கவும், சந்தேகத்துக்குரிய குலங்களைக் கண்காணிக்கவும் அது அதிகாரம் தந்தது. ஆனால் முதலில் அமலானது வடமேற்கு மாகாணம், அவத், பஞ்சாப் ஆகிய பகுதிகளில்தான். தெற்கே இந்தக் குற்றம் பற்றி அதிகாரிகள் அதிகமாக எழுதியது நீலகிரித் தோதவரைப் பற்றியே. 1868 வரை நீலகிரி கோயம்புத்தூர் ஜில்லாவோடு சேர்ந்திருந்ததால் அது கோவைக் கலெக்டரின் கோப்பாகவும் இருந்தது. ஒரு சில நூறு பேர் மட்டுமே இருந்த மலைக்குடியைத் துருவித் துருவி ஆராய்ந்த அதே நிர்வாகம், சமவெளியில் சேலம் பக்கத்துக் கிராமங்களில் பெண் குழந்தைகளின் கணக்கு எப்படியிருக்கிறது என்று கேட்டுவைத்திருந்தால் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த அதிர்ச்சி அவ்வளவு பெரிதாக இருந்திராது.

கருமத்தம்பட்டியில் சர்க்கார் சட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சட்டமும் இருந்தது: கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம். பாரிஸ் வெளிநாட்டு வேதபோதக சபையைச் சேர்ந்த மரியோன் பிரெசியாக் 1846இல் இங்கேதான் ஆயராக அபிஷேகம் பெற்று, பின்னர் கோயம்புத்தூர் மறைவட்டத்தின் முதல் தலைவரானார். கருவின் தொடக்க நிலைக்கும் வளர்ந்த நிலைக்கும் இடையில் தண்டனையில் வேற்றுமை காட்டிய பழைய திருச்சபை வழக்கத்தை 1869இல் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் நீக்கினார். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கருக்கலைப்புச் செய்பவரை, தாய் உட்பட, சபை விலக்குக்கு உள்ளாக்கியது. அசைவுக்கு முன், அசைவுக்குப் பின் என்று பிரித்த தண்டனைச் சட்டத்தைவிட இது கடுமை. ஆனால் இதற்குப் போலீஸ் இல்லை, பாவசங்கீர்த்தனத் தொட்டி மட்டுமே உண்டு. அதே காலத்தில் ஈரோட்டிலிருந்து வேறொரு குரல் எழுந்தது. 'குடி அரசு' இதழின் வழியே பெரியார் 1930களில் கர்ப்பத்தடையை வலியுறுத்தியபோது, நாட்டின் வறுமை தீரவும் தாயின் உடல்நலம் காக்கவும் அது வேண்டும் என்று மற்றவர் சொன்ன காரணங்களைத் தள்ளிவைத்துவிட்டு, பெண் சுதந்திரமாக வாழ அது வேண்டும் என்றார். அவர் பேசியது கருத்தடை பற்றி, கலைப்பு பற்றியதன்று. எனினும் பெண்ணின் விருப்பமே காரணமாகப் போதும் என்ற அந்த வாதம், பிற்காலத்தில் வந்த கருக்கலைப்புச் சட்டத்தில்கூட இடம்பெறவில்லை.

சுதந்திரத்துக்குப் பின் மக்கள்தொகைப் பெருக்கம் அரசின் முதல் கவலையானது. தலைமைச் செயலாளர் ஆர்.ஏ. கோபாலசாமியின் முயற்சியால் 1950களின் இறுதியிலேயே கருத்தடை அறுவைக்கு ஊக்கத்தொகை வழங்கத் தொடங்கியது சென்னை மாநிலம். 1964இல் மத்திய அரசு அமைத்த சாந்திலால் ஷா குழு, சட்டவிரோதக் கலைப்பில் பெண்கள் இறப்பதைச் சுட்டிக்காட்டி 1966 டிசம்பரில் அறிக்கை தந்தது. அதன் விளைவாக வந்த மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் நிறைவேறி 1972 ஏப்ரல் 1 முதல் அமலானது. பழைய 312ஆம் பிரிவை இது தொடவில்லை. பதிவு பெற்ற மருத்துவர் இச்சட்டப்படி செய்தால் குற்றமாகாது என்று ஒரு கதவை மட்டும் திறந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, 12க்கு மேல் 20 வாரம் வரை இரண்டு மருத்துவர்களின் கருத்து. தாயின் உடல்நலம், மனநலம், சிசுவின் ஊனம், வன்புணர்ச்சி, மணமான பெண்ணுக்குக் கருத்தடைச் சாதனம் தவறியது ஆகியவை காரணங்கள். மணமாகாதவளுக்குக் கருத்தடை தவறியது பற்றிச் சட்டம் வாய் திறக்கவில்லை. அறுவை நடக்கும் இடம் அரசு மருத்துவமனையாகவோ அரசின் ஒப்புதல் பெற்ற இடமாகவோ இருக்க வேண்டும்.

அமலாக்கத்தின் கண் இத்துடன் பெண்ணிடமிருந்து கட்டடத்துக்குத் திரும்பியது. அறுவை மேசை, மயக்க மருந்து, அவசரக் கருவிகள் ஆகியவற்றை அதிகாரிகள் சரிபார்த்துத் தந்தால்தான் ஒப்புதல். மாநிலத் தலைநகரிலிருந்து வர வேண்டிய அந்த ஒப்புதலுக்காகக் காத்திருக்கப் பொறுமையில்லாத சிறு நர்சிங் ஹோம்கள் 'டி அண்ட் சி' என்ற பொதுப் பெயரில், அதாவது கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வதாக மட்டும் எழுதி, வேலையை முடித்தன. அதனால் 2002ஆம் ஆண்டுத் திருத்தம் ஒப்புதல் அதிகாரத்தை மாவட்டக் குழுவுக்கு இறக்கியது. கூடவே, தகுதியில்லாதவர் செய்தாலும் ஒப்புதலில்லாத இடத்தில் செய்தாலும் 2 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் என்று தண்டனையையும் ஏற்றியது. கணவனின் கையெழுத்து வேண்டும் என்று இச்சட்டம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. வயதுவந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். ஆயினும் வீட்டு ஆம்பிளை ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் கலைப்போம் என்ற எழுதாத விதி மருத்துவமனைகளில் தானாக முளைத்தது. வாரிசுத் தகராறும் வீட்டுச் சண்டையும் தம் வாசலுக்கு வந்துவிடக் கூடாது என்ற தற்காப்பு அது; சட்டத்தைவிட இந்த விதியே அதிகம் அமலாயிற்று. அரசு மருத்துவமனைகளிலோ கலைப்பவளுக்குக் காப்பர்-டி வைப்பதையும் குடும்பக்கட்டுப்பாடு அறுவை செய்வதையும் சேர்த்தே வலியுறுத்தினர். உரிமையாக அல்லாமல் இலக்குக் கணக்கின் துணைச் சேவையாக அது நடந்தது.

இந்தக் காலத்தில்தான் கொங்கின் மேற்கு மாவட்டங்களில் பிள்ளைப்பேறு வேகமாகக் குறைந்தது. கிணற்றுக்கும் மோட்டாருக்கும் போட்ட முதலைப் பாகப்பிரிவினையில் சிதறவிட விரும்பாத தோட்டக்காரக் குடும்பங்கள், ஒன்றோ இரண்டோ போதும் என்று நிறுத்திக்கொண்டன. விசைத்தறியும் மில்லும் பெண்களைக் கூலிக்கு இழுத்தது இன்னொரு காரணம். குடும்பம் சுருங்கும்போது அந்த ஒன்று ஆணாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் இறுகும் என்பதே மக்கள்தொகையியலாரின் எதிர்பார்ப்பு. கோவையில் அது அந்த அளவுக்கு நடக்கவில்லை. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழகத்தில் 942 பெண் குழந்தைகள். கோவை மாவட்டம் அதற்கு மேலேயே நின்றது. அதே கொங்கின் வடகிழக்கில் சேலம் மாவட்டத்தில் அந்த எண் 851. ஒரே சாதி, ஒரே சீர்வரிசை வழக்கம், ஒரே கிணற்று விவசாயம் இருந்தும் இவ்வளவு வேறுபாடு ஏன் என்பதற்குச் சாதியை மட்டும் காரணம் காட்டும் எளிய விளக்கங்கள் போதா. பெண்களுக்குக் கையில் வந்த பருத்தி ஆலைக் கூலியையும், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறிய பெண் கல்வியையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

சேலத்தில் 1980களில் பெண் சிசுக்கொலையாக வெளிப்பட்டது பின்னர் ஸ்கேன் அறைக்குள் புகுந்தது. மதுரை மாவட்ட உசிலம்பட்டிப் பக்கத்துச் சிசுக்கொலைச் செய்திகள் 1986இல் நாடு முழுதும் பரவியபோது, சிசுவுக்குப் புகட்டிய கள்ளிப்பால் என்ற சொல்லே ஒரு குற்றச்சாட்டாகியது. 1992இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கி, வேண்டாத பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்லுமாறு கேட்டது. ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேடுகளில் அப்போது 'சமூகக் காரணங்களால்' என்ற தலைப்பில் சிசு மரணங்கள் எழுதப்பட்டன; செவிலியருக்குத் தெரியும், மருத்துவருக்குத் தெரியும், ஆனால் வழக்கு அரிது. 1997 வாக்கில் தருமபுரியில் கலைப்பயணம் என்ற பெயரில் ஊர் ஊராக நடந்த வீதி நாடகங்கள், போலீஸ் ஜீப்பு போக முடியாத இடத்துக்குப் போயின என்று சொல்லலாம். 2011இல் சேலத்தின் எண் 910ஐத் தாண்டியது. அதில் எவ்வளவு நாடகத்தின் பங்கு, எவ்வளவு தொட்டிலின் பங்கு, எவ்வளவு வழக்கின் பங்கு என்று பிரித்துச் சொல்ல முயல்பவர்கள் தம் துறைக்கே பெரும்பங்கைக் கொடுத்துக்கொள்வது வழக்கம்.

சட்டத்தின் பங்குக்கு வந்தது, கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம். 1988இல் மகாராஷ்டிரம் காட்டிய வழியில் நாடாளுமன்றம் இயற்றிய இது 1996 ஜனவரி 1 முதல் அமலானாலும், ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பெயருக்கே இருந்தது. இரண்டு தொண்டு அமைப்புகளும் சமூக ஆய்வாளர் சாபு ஜார்ஜும் தொடுத்த பொதுநல வழக்கில் 2001 மே 4 அன்று உச்ச நீதிமன்றம் கண்டித்து உத்தரவிட்ட பிறகே மாநிலங்கள் ஸ்கேன் மையங்களைக் கணக்கெடுக்கத் தொடங்கின. 2003இல் கருவுறுவதற்கு முந்தைய தேர்வையும் சேர்த்துச் சட்டம் விரிந்தது. தமிழ்நாட்டு மாவட்டங்களில் இதன் அதிகாரி மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர்; மக்கள் வாயில் 'ஜே.டி. ஆபீஸ்'. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க, ஜாமீனில் விட முடியாத குற்றங்கள் என்று சட்டம் சொன்னாலும், அதன் கீழ் எழுந்த விதிகள் புலன்விசாரணையில் கூடியவரை போலீசைச் சேர்க்க வேண்டாம் என்கின்றன. இணை இயக்குநரே சென்று சோதித்து, கருவிக்கு முத்திரை வைத்து, நீதிமன்றத்தில் தனிப் புகார் கொடுக்க வேண்டும். இவ்வாறு மருத்துவரைக் கண்காணிக்கும் போலீசாக இன்னொரு மருத்துவரே ஆனார்.

அவர் கையில் உள்ள ஆயுதம் 'எஃப்' படிவம். கர்ப்பிணி ஒருத்திக்கு ஒவ்வொரு முறை ஸ்கேன் எடுக்கும்போதும் நிரப்ப வேண்டிய இதில் அவள் பெயர், வயது, கணவர் அல்லது தந்தை பெயர், முகவரி, தொலைபேசி எண், கடைசியாகத் தூரமான தேதி, அனுப்பிய மருத்துவர், ஸ்கேனுக்கான காரணம் எல்லாம் இருக்கும்; உயிரோடிருக்கும் பிள்ளைகளில் ஆண் எத்தனை, பெண் எத்தனை, வயது என்ன என்ற கேள்வியும் இருக்கும். பிறக்கப்போகும் குழந்தையின் பாலினத்தைத் தெரிந்துகொள்ள விரும்பவில்லை என்று அவள் கையெழுத்தோ கைநாட்டோ இட, அதைக் கண்டறியவும் இல்லை, யாருக்கும் தெரிவிக்கவும் இல்லை என்று மருத்துவர் உறுதிமொழி தர வேண்டும். மாதந்தோறும் 5ஆம் தேதிக்குள் எல்லாம் தொகுத்து இணை இயக்குநருக்குப் போக வேண்டும். படிவத்தில் குறை இருந்தாலே பாலினம் கண்டறிந்ததற்கு நிகரான மீறல் என்று சட்டம் அனுமானித்துக்கொள்ளும். அப்படியில்லை என்று நிரூபிக்கும் சுமை மருத்துவருடையது. முதல் குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. நடந்த வழக்குகளில் பாலினம் சொன்னதை நேரடியாகப் பிடித்தவை சொற்பம், படிவக் குறைகளே அதிகம் என்பது மருத்துவர் சங்கங்களின் பழைய மனக்குறை. 2016 செப்டம்பரில் கதிரியக்க மருத்துவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தமே செய்தனர். 2019 மே 3 அன்று உச்ச நீதிமன்றம், படிவம் எழுத்துப்பிழை விவகாரமன்று, அதுவே சட்டத்தின் உயிர்நாடி என்று கூறி அந்த விதிகளை உறுதி செய்தது. இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. பாலினத்தைச் சொல்வது ஒரு தலையசைப்பில் முடிந்துவிடும் காரியம், அதற்குச் சாட்சி கிடைக்காது. காகிதத்தை விட்டால் அரசுக்குப் பிடிமானம் இல்லை. அதே வேளையில் காகிதத்தைப் பூரணமாக நிரப்பத் தெரிந்த பெரிய மையம் தப்பிக்கொள்ள, நிரப்பத் தெரியாத சிறிய மையம் சிக்கிக்கொண்டது. படிவமே இல்லாமல் கையடக்கக் கருவியோடு தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்துத் தனி வீடுகளில் இயங்கி அண்மை ஆண்டுகளில் பிடிபட்ட கும்பல்களுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

இங்கே இரண்டு சட்டங்களின் காகிதங்கள் ஒன்றுக்கொன்று எதிராக நிற்கின்றன. கருக்கலைப்புச் சட்டத்தின் விதிப்படி, பெண்ணின் சம்மதக் கடிதமும் மருத்துவர் கருத்தும் உறையிலிட்டு ஒட்டப்பட்டு, மேலே வரிசை எண்ணும் மருத்துவர் பெயரும் 'இரகசியம்' என்ற குறிப்பும் மட்டும் இருக்க வேண்டும். அனுமதிப் பதிவேடு 5 ஆண்டு பூட்டிவைக்கப்பட வேண்டும். பாலினத் தேர்வுத் தடைச் சட்டமோ பெயரும் முகவரியும் மாதாமாதம் கேட்கிறது. மறைக்கச் சொல்லும் சட்டத்தையும் காட்டச் சொல்லும் சட்டத்தையும் ஒரே அலுவலகம் அமல்படுத்தியபோது, காட்டச் சொன்னதே வென்றது. இரண்டு பெண் பிள்ளைகள் உள்ளவள் 14 வாரத்தில் கலைக்க வந்தால், காரணம் எதுவானாலும், சோதனை வருமோ என்று அஞ்சி மருத்துவமனை கைவிரித்தது. பல தனியார் மருத்துவர்கள் 12 வாரத்துக்கு மேற்பட்ட கலைப்பையே நிறுத்திவிட்டனர். சட்டம் அவ்வாறு கேட்கவில்லை.

2002இல் கருவைக் கலைக்கும் மைஃபிப்ரிஸ்டோன் மாத்திரைக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்ததும், கட்டடத்தைக் கண்காணித்து வந்த முறையே ஆட்டம் கண்டது. மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே எடுக்க வேண்டிய இதை மருந்துக் கடையில் வாங்கி வீட்டிலேயே விழுங்குவது நாடெங்கும் பரவியது. 2015இல் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1.56 கோடி என்றும், அவற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை என்றும் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு 2018இல் மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கடைகளின் கொள்முதல் ரசீதையும் மருத்துவர் சீட்டையும் ஒப்பிட்டுச் சோதிப்பதால், பெரும்பாலான மெடிக்கல் ஷாப்காரர்கள் வம்பெதற்கு என்று அந்த மாத்திரையை இருப்பில் வைப்பதையே விட்டுவிட்டனர். மருத்துவர் சீட்டோடு வருபவளுக்கும் அதனால் அலைச்சல். சீட்டில்லாதவளுக்கு மறைமுக வழி.

நூற்பாலை விடுதிகளில் சிக்கல் இன்னும் கூர்மையானது. திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி, மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இளம்பெண்களைத் தங்கவைத்த 'சுமங்கலித் திட்டம்' கொங்கு ஆலைகளில் பேர்போனது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க 2012இல் வந்த போக்சோ சட்டம், 18 வயதுக்குட்பட்டவருடன் நடக்கும் எந்தப் பாலுறவையும் குற்றமாக்கி, தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்றது. 17 வயதுப் பெண் நாள் தள்ளிப்போய் அரசு மருத்துவமனைக்கு வந்தால், கலைப்பதற்கு முன் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும்; அவள் விரும்பிப் பழகியவன் சிறைக்குப் போவான். அதற்கு அஞ்சி மறைத்தால் வாரங்கள் ஓடிவிடும். 1860களில் பிணம் கிடைத்தால் மட்டுமே உள்ளே வந்த போலீஸ், இப்போது சிகிச்சையின் வாசலிலேயே நிற்கிறது. பெயரைச் சொல்லாமல் தகவல் தரலாம் என்று 2022 செப்டம்பர் 29 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பின்பற்றி, சிறுமியின் பெயரைக் கேட்டு மருத்துவர்கள் வற்புறுத்தக் கூடாது என்றது.

அதே 2022 தீர்ப்புதான் மணமாகாத பெண்ணுக்கும் 24 வாரம் வரையிலான வாய்ப்பைத் திறந்தது. 2021 செப்டம்பர் 24 முதல் அமலான திருத்தம் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தையும், குறிப்பிட்ட வகைப் பெண்களுக்கு 24 வாரம் வரை இருவரின் கருத்தையும் போதுமாக்கியிருந்தது. 'கணவர்' என்ற சொல் இருந்த இடத்தில் 'துணைவர்' என்ற சொல் வந்தது. அந்த வகைகளை விவரிக்கும் விதியில், கர்ப்ப காலத்தில் கணவனை இழந்தவளும் மணமுறிவு பெற்றவளும் இருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூண்டில் ஏறிய கைம்பெண்ணைச் சலுகைக்குரியவளாகச் சட்டம் முதன்முதலாகப் பெயர் சொன்னது இங்கேதான். 24 வாரம் தாண்டியதும், தாயின் உயிரைக் காக்கும் அவசரம் நீங்கலாக, சிசுவுக்குக் கடும் ஊனம் இருந்தால் மட்டும், மருத்துவக் குழு முடிவு செய்யும்.

இவற்றின் கீழே, தமிழ்நாட்டில் ஓசையில்லாமல் வளர்ந்த இன்னொரு வலை இருக்கிறது. 2008இல் தொடங்கிய 'பிக்மி' என்ற கர்ப்பப் பதிவு முறையில், கிராம சுகாதாரச் செவிலியர் ஒவ்வொரு கர்ப்பிணியையும் 12 வாரத்துக்குள் பதிந்து எண் வாங்கித் தருகிறார். 2017 முதல் அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்குவது கடினம். தாய்சேய் நலத்துக்காக வந்த ஏற்பாடு இது. அதன் பயனும் பெரிது. ஆனால் எண் வாங்கியவள் குறித்த மாதத்தில் பிரசவிக்கவில்லையென்றால், கரு எங்கே போனது என்று செவிலியர் வீட்டு வாசலில் வந்து கேட்க வேண்டியிருக்கிறது; விசைத்தறிக்கு வந்து வாடகை வீட்டிலிருந்து வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டிருக்கும் வடமாநிலக் குடும்பங்களில் பலர் அந்தப் பதிவேட்டுக்குள்ளேயே வருவதில்லை.